சைக்கிள் கொட்டகையில் கூடிய வைத்தியசபை

நான் வேலை பார்த்த திணைக்களத்தின் கைந்நூலில் இன்றும் ஒரு விதி இருக்கிறது. வைத்தியசபையின் முன் தோன்ற வேண்டிய விண்ணப்பதாரர் ஒருவரைச் ‘சமுகமில்லை’, அதாவது வரவில்லை, என்று பதிவதற்கு முன், பொறுப்பான உத்தியோகத்தர் தாமே வெளிவாசலுக்குச் சென்று அவருடைய பெயரை மூன்று தரம் உரத்து அழைக்க வேண்டும். சென்ற மாதம், அந்தக் கைந்நூலைத் திருத்தும் வேலையில் இருக்கும் இளம் பெண் உத்தியோகத்தர் ஒருவர் தொலைபேசியில் என்னைப் பிடித்தார்.

“சேர், இந்த விதிய ஆர் போட்டது? வாசல்ல இப்ப ஆமிச் சென்ரியும் இல்ல, ரோட்ட மறிச்ச பேரலும் இல்ல. எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். போகுது. நாங்க போய் வாசல்ல நிண்டு கத்தினா சனம் சிரிக்கும். எடுத்துவிடலாமா?”

எடுப்பதும் விடுவதும் உங்கள் அதிகாரம், ஏன் போட்டார்கள் என்று தெரிந்துகொண்டு எடுங்கள் என்றேன். ஒரு பக்கத்தில் குறிப்பு அனுப்புவதாகவும் சொன்னேன். ஒரு பக்கத்தில் முடியவில்லை. முப்பத்தாறு வருடம் பிறருடைய கஷ்டங்களை ஒரு பக்கத்துக்குள் சுருக்கச் சொல்லிக் கேட்டவனுக்கு இது நியாயமான தண்டனைதான்.

யாழ்ப்பாணத்தில் படித்து, போட்டிப் பரீட்சையில் தேறி, இருபத்திரண்டு வயதில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராகக் கொழும்புக்கு வந்தேன். முதல் நான்கு வருடம் பதிவேட்டு அறை. எழுதியதை அழிக்கக்கூடாது, ஒற்றைக் கோடு இழுத்துச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும் என்பதை அங்கே கற்றேன். சிவப்பு மையில் எழுதியதற்கு மேல்முறையீடு இல்லை என்பதையும் கற்றேன். எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டின் முன்பாதி எரிந்தது. பின்பாதியில் இருந்துகொண்டு ஒன்பதாம் நாள் கந்தோருக்குப் போனேன். லீவு விண்ணப்பத்தில் காரணம் ‘சொந்த அலுவல்’ என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். பயிற்சி அதோடு பூர்த்தியாயிற்று என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் வைத்தியசபைப் பிரிவின் பிரதம இலிகிதர். அந்த வருட மழைக்குக் கொட்டாஞ்சேனையிலும் துறைமுகத்தை அண்டிய தோட்டங்களிலும் குடிநீர்க் குழாய்க்குள் சாக்கடை கலந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடி அல்ல. ஒரே குழாயில் ஒரு ஒழுங்கை முழுதும் தண்ணீர் பிடிக்கும் வரிசை வீடுகள். வயிற்றோட்டம் வீடு வீடாகப் பரவியது. பாடசாலைகளை மூடினார்கள், சுண்ணாம்பு தூவினார்கள், ஒலிபெருக்கியில் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் நோய் அடங்கிவிட்டதாக அறிவித்தார்கள்.

அடங்கிய பிறகுதான் எங்கள் வேலை தொடங்கியது. வயிற்றோட்டம் வந்து சுகமான சிலருக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துப் பாதம் விறைத்தது, பிறகு கால் எழும்ப மறுத்தது. நரம்பைப் பிடிக்கும் நோய், இப்படியான தொற்றுகளுக்குப் பின் வருவதுண்டு என்று வைத்தியர்கள் விளக்கினார்கள். பலருக்குத் தானாகச் சுகம் வரும். சிலருக்கு வராது, அவர்களுக்கு நாள்தோறும் பயிற்சி கொடுத்து, பாதத்தை நேராக வைத்துக் கட்டிப் பார்த்தால்தான் உண்டு. விட்டால் குதிகால் மேலே இழுத்துக்கொண்டு மூட்டு அப்படியே இறுகிவிடும். அதனால் ஒரு சுற்றறிக்கை வந்தது. நோயினால் ‘அங்கவீனர்’ ஆனோருக்கு (அன்று எங்களிடம் இருந்த சொல் அதுதான்) நகருக்கு வெளியே உள்ள மறுவாழ்வு வைத்தியசாலையில் கட்டிலும், கால் உபகரணமும், சக்கர நாற்காலியும் ‘உரிமையாக’ வழங்கப்படும். சுற்றறிக்கையில் உரிமை என்ற சொல்லை நான் முதன்முதலில் கண்டது அதில்தான். இரண்டாம் பந்தியில் நிபந்தனை இருந்தது: வைத்தியசபையின் முன் நேரில் தோன்றிச் சான்றிதழ் பெற வேண்டும்.

சபை புதன்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடியில் கூடும். மூன்று வைத்தியர்கள், பன்னிரண்டு மணிக்கு எழும்பிவிடுவார்கள். நான் மாடியின் நடைவழியான ஓடையின் முனையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயரை அழைப்பேன். அரை நிமிடம் விட்டு இரண்டாம் தரம். இன்னொரு அரை நிமிடம் விட்டு மூன்றாம் தரம். பதில் இல்லாவிட்டால் பதிவேட்டில் சிவப்பு மையில் ‘சமுகமில்லை’. மூன்று புதன்கிழமை சமுகமில்லாதவரின் விண்ணப்பக் கடதாசிகள் அடங்கிய கோவை கட்டப்பட்டுப் பதிவேட்டு அறைக்குப் போகும். அதே சுற்றறிக்கையின் கீழ் அவர் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. அரை நிமிடத்தை நான் கைக்கடிகாரம் பார்த்துத்தான் கணக்கிட்டேன். என்னுடைய குரல் நல்ல குரல். தேவாரம் படித்துப் பழகிய குரல்.

லிஃப்ற் ஒன்று இருந்தது. நகரில் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு பாதுகாப்புக் காரணத்துக்காக அதைப் பூட்டிவிட்டார்கள். கால் வழங்காதவர்களை மூன்று மாடி ஏறி வரச் சொல்லி, வந்தால் கால் வழங்கவில்லை என்று சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு என்று எங்கள் பியோன் பியதாச சொல்வான். நான் சிரிக்கவில்லை. பிரதம இலிகிதர் சிரிக்கக்கூடாது.

மாடிப்படி இரண்டாவது தடைதான். முதலாவது தெருமுனையில் இருந்தது. கட்டடத்துக்கு முந்நூறு மீற்றர் முன்னால், மண் நிரப்பிய தார் பீப்பாய்களை அடுக்கி இராணுவம் வீதியை மறித்திருந்தது. அதற்கு இப்பால் எந்த வாகனமும் வரக்கூடாது. ஆட்கள் நடந்து வரலாம். உத்தியோகத்தர் என்றால் பாஸ், வெளியார் என்றால் கடிதம். ஒரு கடிதத்துக்கு ஓர் ஆள்.

அந்தச் சாவடியைக் கடப்பதற்கு எனக்குச் சில வழக்கங்கள் இருந்தன. பாஸைப் படம் தெரியச் சட்டைப் பையில் குத்திக்கொள்வேன். கக்கத்தில் ஆங்கிலப் பத்திரிகை. வெயிலோ மழையோ கறுப்புக் குடை. சிங்களத்தில் காலை வணக்கம் சொல்வேன். வேகமாகவும் நடக்கமாட்டேன், மெதுவாகவும் நடக்கமாட்டேன். முக்கியமாக, ஓரமாக நிறுத்தி வைக்கப்பட்டவர்களைப் பார்க்கமாட்டேன். அவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். பார்த்தால் தெரிந்தவர் என்று ஆகிவிடும். தெரிந்தவர் என்று ஆனால் நீங்களும் ஓரமாக நிற்க வேண்டிவரும். வெள்ளவத்தையிலிருந்து தினமும் கோட்டைப் பக்கம் வேலைக்கு வந்த எந்தத் தமிழ் உத்தியோகத்தரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என் மேலதிகாரி துணைப் பணிப்பாளர் சேனாதீர. மெலிந்த மனிதர், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தக் கோவையையும் யன்னல் ஓரத்தில் நின்றபடியே வாசிப்பார். உட்கார்ந்து வாசித்தால் சம்மதித்துவிடுவேன் என்று ஒருமுறை சொன்னார். யாராவது வேண்டுகோளோடு வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். கதையை முழுதும் கேட்பார். முடிவில் ஒரே கேள்வி: “எந்தப் பிரிவின் கீழ்?” கைந்நூலின் பிரிவு இலக்கம் சொல்லத் தெரிந்தவனுக்கு அவரிடம் காரியம் நடக்கும். தெரியாதவன் நல்லவனாக இருந்தும் பயனில்லை. என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஆகவே நாங்கள் இருவரும் சமம் என்ற ஒரு மயக்கம் எனக்கு இருந்தது.

இனி பிலோமினாவின் விடயம். கொட்டாஞ்சேனை. வயது முப்பத்து நான்கு. தேயிலை ஸ்டோரில் நின்றபடி பொதி கட்டும் வேலை. நோய்க்குப் பிறகு இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே வழங்கவில்லை. கணவர் சேவியர், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி. எங்கள் கோவையில் இவ்வளவும் இருந்தது. மூன்று புதன்கிழமைகளில் என் சிவப்பு மையும் இருந்தது.

மூன்றாவது புதனுக்கு மறுநாள் பத்து மணியளவில், தோளில் கடதாசிக் கட்டுகளோடு ஒருவர் எங்கள் பிரிவுக்குள் வந்து நின்றார். பொருட்களுக்கென்று பின்வாசல் ஒன்று உண்டு. ஆள் வர முடியாத இடத்துக்குக் கடதாசிக் கட்டு வரலாம். கட்டோடு கட்டாக அதைச் சுமப்பவரும் வரலாம். கட்டை என் மேசையிலேயே இறக்கினார்.

“சப்ளை செக்‌ஷன் கீழ. இது பிழையான இடம்,” என்றேன் சிங்களத்தில்.

“சரியான இடந்தான் ஐயா,” என்றார் தமிழில். “சிவபாதம் நீங்கதானே?”

“ஓம். நீர் ஆர்?”

“சேவியர். பிலோமினாட புருசன். நேத்து அவட பேர வெட்டிட்டீங்கன்னு பியோன் சொன்னாரு.”

“வெட்டேல்லை. விதிப்படி மூடியிருக்கு. மூண்டு கிழமையும் மூண்டு தரம் பேர் கூப்பிட்டனான். ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.”

“எங்க நின்னு கூப்பிட்டீங்க?”

“இஞ்சதான். ஓடையில.”

அவர் ஓடையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தோளில் கிடந்த சாக்குத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நாங்க கீழ பேரல் கிட்ட, ஐயா. மூணு புதனும். என் வண்டியில பலகை போட்டு, தலையணை வச்சு, விடியக் காலத்தால தள்ளிட்டு வந்தேன். வண்டி வாகனமாம், உள்ள விட ஏலாதாம். சரி, தூக்கிட்டுப் போறேன்னேன். கடிதத்தில ஒரு ஆள்தானாம், நான் போக ஏலாதாம். அப்ப அவ எப்படிப் போறதுன்னு கேட்டேன். சக்கர நாற்காலியில வந்தா விடலாமாம். அதக் கேக்கத்தானே ஐயா வந்தது!”

ஒரு கடிதத்துக்கு ஓர் ஆள் என்பது இராணுவத்தின் விதி. ஆனால் ‘இக்கடிதத்தைக் கொண்டுவரும் விண்ணப்பதாரரை மட்டும் அனுமதிக்கவும்’ என்ற வாசகம் என்னுடையது. சுருக்கமாக இருக்கிறது என்று அதைப் பலர் பாராட்டியிருந்தார்கள்.

“இத முதலே ஆரிட்டையாவது சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“உங்ககிட்டத்தான் சொன்னோம்.”

“என்னட்டையா?”

“நேத்துக் காலம்பர. கோப்ரல் உங்களப் பாத்து ‘குட் மோர்னிங் மிஸ்டர் சிவபாதம்’ன்னாரு. அவ கடிதத்தப் பாத்தா. அதில உங்க பேர். ‘சிவபாதம் ஐயா, சிவபாதம் ஐயா’ன்னு கூப்பிட்டா. ரெண்டு தரம் கூப்பிட்டா.” மேசையில் சாய்த்திருந்த என் குடையைப் பார்த்தார். “நீங்க குடைய அந்தக் கையில இருந்து இந்தக் கைக்கு மாத்திப் புடிச்சிட்டுப் போனீங்க.”

மாற்றிப் பிடித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. முகத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் குடை வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் சாவடியில் வைத்து என் பெயரைத் தமிழில் கூப்பிடுகிறாள் என்றால், அந்த நாட்களில் அதற்கு நூறு அர்த்தம் இருந்தது. ஒன்றுகூட நல்லதாக என் மனதில் தோன்றவில்லை. வாசலில் குரலைக் கேளாமல் போய், இரண்டு மணித்தியாலம் கழித்து, மூன்று மாடி உயரத்தில் நின்று, அதே பெண்ணின் பெயரை அரை நிமிட இடைவெளியில் அழைத்திருக்கிறேன்.

“மிஸ்ஸி சொல்றாங்க, கால் இறுகிட்டு வருதாம்,” என்றார் சேவியர். மிஸ்ஸி என்றது தோட்டத்துக்கு வந்து பார்க்கும் தாதியை. “இந்த மாசம் கட்டில் கிடைக்காட்டி பிறகு கிடைச்சும் பிரயோசனம் இல்லையாம். ஒரு சைன் தானே ஐயா.”

ஒரு சைன் அல்ல. அதை நான் அவருக்கு விளக்கவில்லை. கடதாசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது சாவடியில் நின்றேன். பதினைந்து வருடச் சேவையில் முதல் தடவை. புதன்கிழமை திருப்பி அனுப்பியவர்களுக்குப் பதிவேடு இருக்கிறதா என்று கோப்ரலிடம் கேட்டேன். குருநாகல் பக்கத்துப் பையன். “இருக்கே மஹத்தயா!” என்று பெருமையோடு எடுத்துக் காட்டினான். கோடு போட்டு, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நேரமும் காரணமும் எழுதிய அருமையான பதிவேடு. எங்களுடையதைவிடச் சுத்தம். என்னுடைய புத்தகத்தில் ‘சமுகமில்லை’ என்று இருந்தவர்களில் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் அவனுடைய புத்தகத்தில் சமுகமளித்திருந்தார்கள். முந்நூறு மீற்றர் இடைவெளியில் இரண்டு பதிவேடுகள். இரண்டிலும் ஒரு பிழை இல்லை.

மூடிய கோவையைத் திறப்பதற்கு வழி உண்டு. பதிவு உண்மைக்கு மாறானது என்று, பதிந்த உத்தியோகத்தரே காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கூற்றின் பிரதி அவருடைய சுயவிபரக் கோவைக்குப் போகும். அடுத்த மாதம் நிர்வாக உத்தியோகத்தர் பதவிக்கு எனக்கு நேர்முகம் இருந்தது. அதைவிட, காரணத்தில் நான் என்ன எழுதுவது? சாவடியில் தமிழில் அழைத்த குரல் எனக்குக் கேட்டது, கேளாததுபோல் போனேன் என்றா? யுத்த காலத்தில் ஒரு தமிழ் உத்தியோகத்தர் அப்படி ஒரு வாக்கியத்தில் கையொப்பம் இட்டால் அதை யார் யார் வாசிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஒன்பது வேலைநாட்கள் அந்தக் கோவை என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. இடையில் ஒரு புதன் வந்து போனது. அன்று பஸ்ஸை விட்டு இறங்கிப் பின்வாசலால் போனேன்.

பத்தாம் நாள் சேனாதீர என்னை அழைத்து, திட்டத்தை முடித்துவைக்கும் அறிக்கைக்கு வரைவு கேட்டார். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தொகையினரே சான்றிதழ் பெற்றிருக்கிறார்கள். ஏன் என்று அமைச்சு கேட்கிறது. நான் மேசைக்கு வந்து எழுதினேன்: ‘போதிய அவகாசம் வழங்கப்பட்டும் பாதிக்கப்பட்டோர் இத்திட்டத்தில் அக்கறை காட்டவில்லை என்பது சமுகப் பதிவேட்டினால் தெளிவாகிறது.’ வாசித்துப் பார்த்தேன். வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நான் எழுத வேண்டியிருந்த கூற்றை எழுதினேன். அரைப் பக்கம். சாவடிப் பதிவேட்டில் இருந்து கோப்ரல் பிரதி பண்ணித் தந்த பட்டியலையும் அதோடு குத்தினேன்.

சேனாதீர யன்னலில் நின்று வாசித்தார். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார்.

“அந்தப் பெண்ணைப் பார்த்தீர்களா?”

“வண்டியைப் பார்த்தேன், சேர்.”

“குரல் கேட்டதா?”

“கேட்டது.”

“ஏன் நிற்கவில்லை?”

“அந்த இடத்தில் நிற்பது எங்களுக்கு வழக்கம் இல்லை.”

‘எங்களுக்கு’ என்றதை அவர் கவனித்தார். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“சபை கீழே போய்க் கூடலாமா? எந்தப் பிரிவின் கீழ்?”

“பிரிவு தேவையில்லை, சேர். சபையின் முன் தோன்ற வேண்டும் என்றுதான் சுற்றறிக்கை சொல்கிறது. சபை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்றாம் மாடி வெறும் வழக்கம்.”

“வழக்கத்தை மாற்ற யாருடைய கையொப்பம் வேண்டும்?”

“தொடங்கியவருடையது.”

“யார் தொடங்கியது?”

“நீங்கள், சேர். உங்களுடைய குறிப்பு கோவையில் இருக்கிறது.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கையொப்பம் இட்டார். பிறகு என் கூற்றைத் தனியாக எடுத்து, ஓரத்தில் திகதியிட்டார்.

“இது உங்கள் கோவைக்குப் போகும், மிஸ்டர் சிவபாதம். போகாமல் விட எனக்குப் பிரிவு இல்லை.”

“தெரியும், சேர்.”

“வருத்தம்தான்,” என்றார். அவர் நேர்மையான மனிதர். எனக்கு நன்மை செய்வதற்காக ஒரு விதியையும் அவர் வளைத்ததில்லை. தீமை செய்வதற்காகவும் இல்லை.

சாவடியை அடுத்து, பீப்பாய்க்கு வெளியே, எங்கள் சிற்றூழியர்கள் சைக்கிள் விடும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே உட்கார ஒரு நீள வாங்கு, ஒரு மேசை, வார்ட்டில் பாவிக்கும் துணி மறைப்பு இரண்டு. சபையின் தலைவரான வைத்தியருக்கு அது பிடிக்கவில்லை. “சைக்கிளுக்குப் பக்கத்திலா நான் ஆளைப் பரிசோதிப்பது?” என்றார். சைக்கிள்களை அப்புறப்படுத்திவிட்டோம் என்றேன். “மணம் இருக்குமே,” என்றார்.

இராணுவக் கப்டனுக்கு வேறு கவலை. சாவடிக்கு முன் கூட்டம் சேரக்கூடாது. ஆட்கள் சந்தியில் நிற்க வேண்டும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அழைப்பவர் திணைக்களத்தைச் சேர்ந்தவராகவும் பெயர்களைச் சரியாக உச்சரிக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். மூன்றாம் மாடியில் அழைத்தவரே அழைக்கட்டும் என்று சேனாதீர குறிப்பு எழுதினார். தள்ளுவண்டியை என்ன வகையில் சேர்ப்பது என்று கப்டன் கேட்டார். ‘நோயாளியின் நடைக்கு உதவும் கருவி’ என்று எழுதிக் கொடுத்தேன். துணைக்கு ஒருவர் வரலாம் என்று கடிதத்தின் வாசகத்தையும் மாற்றினேன். நீளம் கூடிவிட்டது.

புதன்கிழமை காலை. பழைய பட்டியலில் உள்ளவர்களுக்குத் தந்தி அடித்திருந்தோம். சந்தியில் ஊன்றுகோல்களும், நாற்காலியோடு தூக்கி வரப்பட்டவர்களும், முச்சக்கரவண்டிகளும், சேவியரின் வண்டியும் தெரிந்தன. வீதியில் கந்தோருக்குப் போகிறவர்கள் எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். அவர்களில் என்னைப் போல் கக்கத்தில் ஆங்கிலப் பத்திரிகை வைத்திருந்த இருவர் என்னைப் பார்க்காமல் போனார்கள். எனக்கு ஒரு பக்கத்தில், தோளில் துவக்கோடு கோப்ரல். பட்டியலின் முதல் பெயரை அழைத்தேன்.

“பிலோமினா சேவியர்.”

எனக்கே கேட்கவில்லை. தேவாரக் குரல் எங்கே போனதோ தெரியாது. இன்னொரு தரம் அழைத்தேன். கோப்ரல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

சந்தியில் இருந்து பெண் குரல் வந்தது. “ஐயா! சத்தமாக் கூப்பிடுங்க! மேல மாடியில நல்லாத்தானே கூப்பிட்டிருப்பீங்க!”

“சும்மா இரு புள்ள,” என்று சேவியர் அடக்கினார்.

“நீங்க சும்மா இருங்க. நான் ரெண்டு தரம் அவரக் கூப்பிட்டேன். அவரு என்ன ஒரு தரம் கேக்கிற மாதிரிக் கூப்பிடட்டும்.”

சிலர் சிரித்தார்கள். கோப்ரலுக்கு அர்த்தம் விளங்கவில்லை, அவனும் சிரித்தான். மூன்றாம் தரம் அழைத்தேன். தெருவின் மறுபக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

“வாறேன்!” என்றார் பிலோமினா. வண்டி வந்தது.

மறைப்புக்குள் சேவியர் அவரை வாங்கில் இருத்தினார். தலைமை வைத்தியர், நல்ல தமிழ் பேசும் கிழக்கு மாகாணத்தவர், முன்னால் குந்தி வலது பாதத்தைக் கையில் எடுத்துக் குதியைப் பிடித்து மேலே தள்ளினார். பாதம் மெதுவாக நேராக வந்தது. இடது பாதத்தைத் தள்ளினார். பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார். பிலோமினா உதட்டைக் கடித்துக்கொண்டார். பாதம் அசையவில்லை.

“வலது சரிவரும். இது பிந்திப்போச்சு,” என்றார் வைத்தியர். பிறகு படிவத்தை எடுத்தார். அதில், நோய் தொடங்கியதற்கும் பரிசோதனைக்கும் இடையிலான தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. “ஏனம்மா முதலே வரேல்லை?”

“ஐயாவக் கேளுங்க, டொக்டர்,” என்றார் பிலோமினா. கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்தவரிடம் கேளுங்கள் என்கிற மாதிரித்தான் சொன்னார்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். மூன்று புதன்கிழமைகள், கடிதத்தின் வாசகம், குடை, ஒன்பது நாள் லாச்சி. கட்டம் ஒரே வரி அகலம்தான். வைத்தியர் பக்கத்தின் ஓரத்திலும் எழுதினார். சேவியர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்.

அடுத்த திங்கட்கிழமை பிலோமினாவுக்குக் கட்டில் கிடைத்தது. அன்று பட்டியலில் இருந்த மற்றவர்களையும் இரண்டு புதன்கிழமைகளில் முடித்தோம். சைக்கிள் கொட்டகை மேலும் ஏழு வருடம் சபை கூடும் இடமாக இருந்தது. வாசலில் அழைக்கும் ஏற்பாட்டைச் சேனாதீர சேவையிலிருந்து இளைப்பாறுவதற்கு முன் கைந்நூலில் சேர்த்தார். நிர்வாக உத்தியோகத்தர் பதவி அந்த முறை வேறொருவருக்குப் போனது; எனக்கு அது நான்கு வருடம் பிந்தி வந்தது. இளம் உத்தியோகத்தருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

பிலோமினா ஆறு மாதத்தில் நடந்தார். வலது காலுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. இடது காலுக்கு இரும்புச் சட்டமும், குதி உயர்த்திய சப்பாத்தும். ஸ்டோரில் இருந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். வருடாந்தப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் நான் வாசலில் நின்று அவருடைய பெயரை அழைத்திருக்கிறேன்; ஒரு தரத்திலேயே கேட்கும்படி. அந்த இடது பாதம் கடைசிவரை முழுதாக நிலத்தில் படவில்லை. அதில் என் மூன்று புதன்கிழமைகளின் பங்கு எவ்வளவு, ஒன்பது நாட்களின் பங்கு எவ்வளவு என்று எந்த வைத்தியரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.